ஒத்துப்போகாத அளவுகள்

எங்கள் இயற்பியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் போலீஸ். பொருத்தமான பெயர்தான். ஆய்வகத்தைப் பூட்டி இழுத்துப் பார்ப்பார், நாலடி போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். பக்கத்து ஆய்வகத்தில் வேதியியல் நடத்தும் எனக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. "கல்யாணத்துக்கு முன்னாடியே என் மார்க் ஷீட்ட வாங்கிப் பாத்தவ, டீச்சர்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார் அவர் வீட்டுக்காரர்.

படிக்கும் காலத்தில் வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண்ணாம். சரியான விடை சொன்னால், யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பார்களாம். அப்போது பிடித்ததுதான் இந்தச் சந்தேக வியாதி என்று நினைக்கிறேன்.

அந்த வாரம் ஊசல் சோதனை. நூலில் கட்டிய குண்டை ஆடவிட்டு, நேரம் குறித்து, புவியீர்ப்பைக் கணக்கிட வேண்டும். கையால் அளந்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்னே பின்னே வரும். ஒரு பெண் கொண்டுவந்த தாளில் எல்லா வரியிலும் ஒரே விடை, அதுவும் புத்தகத்தில் இருக்கிற விடை. டீச்சருக்கு மூக்கு வியர்த்துவிட்டது. அவர் குரல் உயர்ந்ததும் நானும் அங்கே போய் வாசலில் நின்றேன்.

"யாரப் பாத்து எழுதின?"

"யாரையும் பாக்கல டீச்சர்."

"அப்ப என் முன்னால செஞ்சு காட்டு. பொய்யா எழுதியிருந்தா செய்முறைத் தேர்வுல உக்கார முடியாது, தெரியும்ல?"

பொறியியல் படிக்க ஆசைப்பட்ட பெண். அந்த மதிப்பெண் போனால் எல்லாம் போச்சு. அவள் நூலை மாட்டினாள், குண்டு நழுவித் தரையில் உருண்டது. ஸ்டாப்வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத எங்க அமுக்கணும் டீச்சர்?"

"வருஷம் பூரா லேபுக்கு வந்தவதானே நீ?"

"நான் தொட்டதே இல்ல டீச்சர். பசங்க செய்வாங்க, நான் எழுதுவேன். அன்னிக்குப் பசங்க விளையாடிட்டே இருந்தாங்க, மணி அடிச்சிடுச்சு. விடைதான் தெரியுமேன்னு பின்னாலருந்து கணக்குப் போட்டு நேரத்த எழுதிட்டேன்."

டீச்சர் விடவில்லை. மற்றக் குழுக்களின் பெண்களையும் கூப்பிட்டார். ஒருத்திக்கும் ஸ்டாப்வாட்ச் பிடிக்கத் தெரியவில்லை.

"யாரு உங்கள எழுத மட்டும் உக்காரச் சொன்னது?" என்று சீறினார். எந்தப் பையன் என்று கண்டுபிடித்து உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் வேகம்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அவள்தான் சொன்னாள்: "நீங்கதான் டீச்சர். பொண்ணுங்க கையெழுத்து அழகா இருக்கும், குழுவுக்கு ஒருத்தியா எழுத உக்காருங்கன்னீங்க."

ஊரையே சந்தேகப்பட்டவர் தன்னை மட்டும் விட்டுவைத்திருந்தார். எனக்கே பாவமாக இருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறு வகுப்பில் பையன்கள் பேனா பிடித்தார்கள், முனகிக்கொண்டே. அந்தப் பெண்ணிடம், "இன்னிக்கு நீயே அளந்து கொண்டா. அதுக்குத்தான் மார்க்கு" என்றார் டீச்சர். அவள் இடைவேளைக்குக்கூடப் போகவில்லை. கடைசியில் தாளை நீட்டியபோது முகம் செத்திருந்தது. ஒரு வரிக்கும் இன்னொரு வரிக்கும் ஒத்துப்போகவில்லை.

"கொஞ்சம் தள்ளித் தள்ளி வந்திருக்கு டீச்சர். சரி பண்ணிட்டு வரட்டுமா?"

"ஒரு புள்ளி மாத்தினாலும் தொலைச்சிடுவேன்" என்று சொல்லி, டீச்சர் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார்.