கண்கட்டும் நான் பிடித்த அட்டையும்

கோச்சடையில் எங்கள் கறிக்கடைக்காரரிடம் ஆட்டு மூளை கேட்டால், "வறுக்கவா டீச்சர், பாடத்துக்கா?" என்பார். பாடத்துக்கு என்றால் நிதானமாக மண்டையைப் பிளந்து, சிதையாமல் எடுத்துத் தருவார். அதை எவர்சில்வர் டப்பாவில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து, ஸ்கூட்டியில் காலடியில் நிறுத்தி, கே.கே. நகரில் இருக்கும் எங்கள் பள்ளிக்குக் கொண்டுபோவேன். ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கறி சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகள் முதலில் கடைசி பெஞ்சுக்கு ஓடுவார்கள். பத்து நிமிடத்தில் அவர்கள்தான் டப்பாவை விட்டு நகரமாட்டார்கள். போன வருடம் ஒரு பெண் பிள்ளை மூளையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "மிஸ், அந்த ஆடு பயந்துச்சுன்னா, இதுல எந்த இடத்துல பயந்திருக்கும்?" என்று கேட்டாள். அன்று வீட்டுக்குப் போகும்வரை எனக்குக் கால் தரையில் படவில்லை.

அந்தப் பாடத்தில் ஒரு விளையாட்டும் உண்டு. அட்டையில் ஒரு கூட்டல் குறி, அதற்கு வலப்பக்கம் நாலு விரல் தள்ளி ஒரு புள்ளி. இடது கண்ணை மூடிக்கொண்டு, குறியை மட்டும் பார்த்தபடி அட்டையை மெல்ல முகத்தருகே கொண்டுவந்தால், ஓரிடத்தில் புள்ளி காணாமல் போகும். அந்த இடத்தில் ஓட்டை தெரியாது, வெறும் வெள்ளைதான் தெரியும். கண்ணுக்கு எட்டாததை மூளை தானாக நிரப்பிவிடுகிறது. "பாக்குறது கண்ணு மட்டும் இல்ல, மூளையுந்தான்" என்பேன். கூடவே, "யாரு சொன்னாலும் சும்மா நம்பாதீங்க. நான் சொன்னாலும் சோதிச்சுப் பாருங்க" என்பேன்.

எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பல வருடமாக மத்தியானச் சாப்பாடு இருவருக்கும் ஒன்றாகத்தான். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் வகுப்புகளையும் சேர்த்து எடுத்தவர். அவர் ஒருநாள், "உன் மூளைப் பாடத்தை நானும் உக்காந்து கேக்கட்டுமா?" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் பாடக்குறிப்பு நோட்டையே தூக்கிக் கொடுத்தேன். எதற்குக் கேட்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை, மடச்சி எனக்கு.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, பெற்றோர் கூட்டம். ஹாலுக்குள் நுழைந்ததுமே மேடைக்குப் பின்னால் பெரிய பேனர் கண்ணில் பட்டது: 'பார்ப்பது கண் அல்ல, மூளை.' கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிக்கவைக்கும் பயிற்சியாம். பள்ளியிலேயே நடத்தப்போகிறார்களாம். பயிற்சியாளர் யாரென்றால் எங்கள் கணக்கு டீச்சர். என் வாக்கியத்தில் 'மட்டும்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, மிச்சத்தை பேனரில் ஏற்றியிருந்தார்கள். என் வீட்டுப் பாத்திரத்தில் அடுத்தவர் கஷாயம் காய்ச்சி விற்கிற மாதிரி இருந்தது.

மேடையில் கண்ணைக் கட்டிக்கொண்டு நின்றது யார் தெரியுமா? ஆட்டின் பயத்தைப் பற்றிக் கேட்ட அதே பிள்ளை. அவளுக்கு ரகசியமாக முன்கூட்டியே பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். எழுத்தட்டையை நீட்ட நீட்ட வாசித்தாள். நான் அவள் தாடையைக் கவனித்தேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே தூக்கினாள். கட்டுத் துணிக்கும் மூக்குக்கும் நடுவே இருந்த சந்து வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா மைக்கில் சொன்னார், "இம்புட்டும் எங்க சயின்ஸ் டீச்சர் பாடத்துல உள்ளதுதான். அவங்களே வந்து ஒரு அட்டை காட்டட்டும்." எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

ஏறினேன். அட்டையை அந்தப் பிள்ளையின் நெற்றிக்கு மேலே பிடித்தால் போதும், கதை முடிந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும். கீழே அவள் அம்மா போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இத்தனை பேர் நடுவில் பிள்ளை அசிங்கப்பட வேண்டாம் என்று நினைத்தேன். நினைத்தது உண்மைதான். முதல் வரிசையில் தாளாளர் உட்கார்ந்திருந்ததும் உண்மைதான். அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தேன். அவள் ஒரு கணம் பேசாமல் நின்றாள். பிறகு தாடையைத் தூக்கி, "யானை" என்றாள். ஹால் அதிர்ந்தது.

ஸ்டாஃப் ரூமில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பிள்ளை மூக்கோரமாப் பாக்குது. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே சொன்னார், "ஆரம்பத்துல எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தாண்டி பாக்குங்க. போகப் போகச் சரியாயிரும்."

"என் பாடத்தை எடுத்து இப்படிப் பண்ணிட்டீங்களே அக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொன்னா நீ விட்டிருப்பியா? உன் மூஞ்சியப் பாத்துத்தான் அம்புட்டுப் பேரும் நம்புனாங்க. அட்டையப் பிடிச்சது நீதான?"

கூடவே சாப்பிட்டவர் இப்படிச் செய்வாரா? வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அன்றோடு அவரோடு சாப்பிடுவதை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் பாத்திரங்கள் என் கையில் பட்டபாடு சொல்லி மாளாது. துரோகி துரோகி என்று முனகிக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை இடைவேளையில் அந்தப் பிள்ளை என் மேஜைக்கு வந்தாள்.

"மிஸ், நான் மூக்கு வழியாத்தான் பாத்தேன்."

"தெரியும்மா. நீ பயப்படாத."

அவள் முகத்தில் பயம் இல்லை. கோபம்தான் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியலன்னு கணக்கு மிஸ்கிட்ட மொதல்லயே சொன்னேன். நீ முயற்சி பண்ணலன்னாங்க. எங்கம்மாவும் அதையேதான் சொன்னாங்க. அப்புறம்தான் பாத்துப் படிக்க ஆரம்பிச்சேன். அன்னைக்கு நீங்க மேடைக்கு வாரீங்கன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. நீங்க சோதிச்சுப் பாப்பீங்கல்ல. அட்டையத் தலைக்கு மேல தூக்கிப் பிடிப்பீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

நான் மேஜையில் கிடந்த சாக்பீஸை எடுத்தேன், வைத்தேன்.

"எனக்குத் தெரியிற மாதிரி ஏன் மிஸ் பிடிச்சீங்க?" என்றாள்.

மணி அடித்தது. அவள் பதிலுக்காக நின்றாள். இரண்டு நாளாக அக்காவைத் திட்ட எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமே இருந்ததில்லை.