பழைய பொயிலரும் தோசை மாவும்

சிட்னியின் செவன் ஹில்ஸில் நாங்கள் வாங்கிய வீட்டில், அந்தத் தெருவில் வேறெங்கும் இல்லாத ஒரு பொருள் இருந்தது. முன்பு குடியிருந்த ஐரோப்பியக் குடும்பம் தங்கள் ஊர் வழக்கப்படி காஸ் பொயிலர் ஒன்றைப் பூட்டி, அறைக்கு அறை சுடுநீர்க் குழாய் ஓடவிட்டிருந்தது. உடுப்புத் தோய்க்கும் அறையின் மூலையில், ஓர் அலுமாரிக்குள் அது நின்றது. அலுமாரியின் பின்சுவரில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, வெளியே திறக்கும் இரண்டு துவாரங்கள்.

சிட்னிக் குளிருக்கு இது தேவையில்லை என்றார்கள் வந்து பார்த்தவர்கள். எங்களுக்கு அது தோசை மாவுக்காவது தேவைப்பட்டது. குளிர்காலத்தில் குசினியில் வைத்த மா இரண்டு நாளானாலும் பொங்காது. பொயிலர் அலுமாரிக்குள் வைத்தால் மறுநாள் காலை மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

ஐந்தாவது குளிர்காலத்தில் பொயிலர் அடம்பிடிக்கத் தொடங்கியது. பற்றவைக்கும் சிறுசுடர் அடிக்கடி அணைந்தது. நீலமாக எரிய வேண்டிய நெருப்பு மஞ்சளாக எரிந்தது. நான் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். பிறர் செய்த பொருளில் பிழை கண்டுபிடிப்பதுதான் என் தொழில். ஆகவே பொயிலருக்கென்று ஒரு கொப்பி போட்டேன். எத்தனை மணிக்கு மூட்டினேன், சுடர் என்ன நிறம், எப்போது அணைந்தது என்று நாள்தோறும் எழுதினேன். என் நாட்குறிப்பு வேறு, அது படுக்கையறை மேசை லாச்சியில் இருந்தது.

மனைவிக்கு முதியோர் இல்லமொன்றில் பின்னேர வேலை. காலை முழுவதும் வீட்டில்தான் இருப்பாள். தோய்க்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் கதகதப்பில் உடுப்புகளுக்கு அயர்ன் போடுவாள்.

"இஞ்சேருங்கோ, இந்தச் சாமானைக் கழட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசு ஒண்டு பூட்டுங்கோ. இதோட இன்னொரு குளிர் என்னால ஏலாது."

"சத்தம் கூடிப்போச்சோ?"

"சத்தம் இல்லை. விடிஞ்சாத் தலையிடி. கை கால் எல்லாம் விட்டுப்போன மாதிரிக் கிடக்கு. இந்த வீடுதான் எனக்குச் சரிவரேல்லை."

"ஊரெல்லாம் வேலைக்குப் போய்த் தலையிடியோட வருகுதுகள். உமக்கு வீட்டில நிண்டால் தலையிடி, வேலைக்குப் போனால் சுகம்."

"ஓம், பொயிலருக்குச் சுகமில்லையெண்டாத்தான் நீங்கள் கொப்பி எடுப்பியள்."

டொக்டர் இரத்த அழுத்தம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை மாற்றினோம். தலையிடி போகவில்லை. நான் பொயிலரைத் திருத்துவதென்றே நின்றேன். சுடரை உணரும் செப்புக் கம்பியை இரண்டு தடவை மாற்றினேன், கரியைத் துடைத்தேன். பழையதன் மேல் பற்று என்று அவள் நினைத்தாள். உண்மையில் அது களைப்பு. புதியது என்றால் ஆட்களைக் கூப்பிட வேண்டும், சுவர் உடைக்க வேண்டும், லீவு எடுத்து வீட்டில் நிற்க வேண்டும். திருத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை எதையும் முடிவுசெய்யத் தேவையில்லை. இப்படி மூன்று குளிர்காலம் போயிற்று.

மூன்றாவதில் ஒரு நாள் நான் வேலையால் வந்தபோது அவள் வேலைக்குப் போகாமல் இருந்தாள். காலையில் அயர்ன் போடும்போது கால் மடங்கி நிலத்தில் இருந்துவிட்டாளாம்.

"ஆளைக் கூப்பிடுறியளோ, இல்லை நான் மெல்பேர்ணுக்கு அக்காவிட்டைப் போகவோ? இரண்டில ஒண்டைச் சொல்லுங்கோ."

சனிக்கிழமை காலை மெரிலேண்ட்ஸிலிருந்து காஸ் பிளம்பர் வந்தார். மலேசியத் தமிழர், படிக்க வந்து தொழில் பழகி நின்றுவிட்டவர். அலுமாரியைத் திறந்தவர் மூடியிட்ட சட்டியைக் கண்டு சிரித்தார்.

"என்னாண்ணே, பாய்லருக்குப் படையலா?"

"தோசை மா, தம்பி. குளிருக்குப் பொங்காது," என்றாள் மனைவி.

"எங்க வீட்லயும் ஹீட்டர் பக்கத்துலதான்லா வெப்போம். இங்க அதுக்குத் தனி ரூமே குடுத்திருக்கீங்க!"

சட்டியை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு முழங்காலிட்டு உள்ளே கையை விட்டார். கீழ்த் துவாரத்திலிருந்து துணியொன்றை இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. நான் வீட்டில் உடுத்திய பழைய சாரம்.

"இத யாரு அடைச்சது?" குரலில் சிரிப்பு இல்லை.

"நான்தான். வெளிக்காத்து வந்து மா குளிர்ந்துபோகுதெண்டு."

"எத்தன வருசமா?"

"மூண்டு."

அவர் காஸை நிறுத்தினார். எழுந்து போய்ப் பின்கதவையும் ஜன்னல்களையும் திறந்தார். பிறகுதான் பேசினார். "நெருப்புக்குக் காத்து வேணும்ணே. காத்து இல்லாம எரிஞ்சா விஷ வாயு வரும். வாசன இருக்காது, கண்ணுக்கும் தெரியாது. அக்கா, தலவலி ஏதும் இருந்துச்சா?"

அவள் மாச்சட்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"பாய்லர் மேல தப்பு இல்ல," என்றார் அவர். "சுத்தம் பண்ணி, டெஸ்ட் பண்ணிக் குடுத்தா இன்னும் ரொம்ப நாள் ஓடும். சரி பண்ணவா, மாத்தவா? யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் போனபின் குசினி மேசையில் பொயிலர் கொப்பியையும் நாட்குறிப்பையும் விரித்தேன். இரண்டும் ஒரே மேசைக்கு வந்தது அன்றுதான். கொப்பியில் 'மஞ்சள் சுடர்' என்றிருந்த நாட்களில் நாட்குறிப்பில் 'இவவுக்குத் தலையிடி' என்றிருந்தது. ஒரே கையெழுத்து, ஒரே பேனை. நாட்குறிப்பின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். 'கீழ்த் துவாரத்தை அடைத்தேன். மா நன்றாகப் பொங்கியது' என்ற வரியும் இருந்தது. அதற்கு முந்திய பக்கங்களில் தலையிடி இல்லை.

மனைவி எதிரே வந்து கதிரையில் இருந்தாள். அந்த வரியை அவளுக்குக் காட்டினேன். வாசித்தாள்.

"மாத்துவம்," என்றேன்.

"ஏன்? திருத்தலாம் எண்டுதானே இவ்வளவு நாளும் நிண்டனீங்கள். அது பாவம், அது என்ன செய்தது?"

அது குத்தலா, களைப்பா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

புதியதை வீட்டுக்கு வெளியே, பின்சுவரில் பூட்டினார்கள். அவளுடைய தலையிடி அந்தக் குளிரோடு போயிற்று. ஆனால் அதன்பிறகு ஜூலைக் குளிரிலும் படுக்கையறை ஜன்னல் ஒரு சாண் திறந்தேயிருக்கும்.

"இப்ப பொயிலர் வெளியில தானே, பயமில்லை," என்றேன் ஒருமுறை.

"ஓம், தெரியும்," என்றாள்.

ஜன்னலை அவள் மூடவில்லை. நான் இரண்டாவது போர்வை எடுத்துக்கொண்டேன். மாவை இப்போது குசினி மேசையிலேயே வைக்கிறோம். பொங்க இரண்டு நாள் எடுக்கிறது.