சாவிக்காரம்மா வீட்டுப் புதுப் பூட்டு

ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது. சாவிக்காரம்மா என்றால்தான் தெரியும். பெண்கள் நல அலுவலகத்தில் களப்பணியாளர். ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், கோர்ட் என்று காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்தவர். புருஷனிடம் அடி வாங்கி வெளியேறும் பெண்களுக்கு அரசு விடுதி இருந்தது. ஆனால் அதில் சேர அதிகாரி கையெழுத்து வேண்டும். அதிகாரியோ வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்பினால் திங்கட்கிழமைதான் தலையைக் காட்டுவார். அடிக்கிறவன் என்ன, சனி ஞாயிறு லீவா விடுகிறான்? அந்த இடைவெளிக்குத்தான் அம்மா தன் வீட்டைக் கொடுத்தார். நிலைமை மோசம் என்று பட்டால் போதும், அந்தப் பெண்ணின் கையில் வீட்டுச் சாவியின் நகல் ஒன்றைத் திணித்துவிடுவார்.

கூடவே சொல்வது இதுதான்: "அடி விழுறப்ப ஓடாதே. அவன் வேலைக்குப் போனதும் சாப்பிட்டுட்டு நிதானமா கிளம்பு. கதவைத் தட்டாதே, கூப்பிடாதே, அக்கம்பக்கத்துல எட்டிப் பாப்பாங்க. உன் வீடு மாதிரி திறந்துட்டு உள்ள வா."

அப்படித்தான் வந்தார்கள். ஒருத்தி இஸ்திரிப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தாள். தன் சம்பளத்தில் வாங்கியதாம், அவனுக்கு விட்டுவைக்க மாட்டாளாம். இன்னொருத்தி இரண்டு காலிலும் வேறு வேறு செருப்போடு வந்து, அதைப் பார்த்துத் தானே சிரித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் அம்மாவின் மகள், அடுப்படியில் இன்று யார் நிற்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைவாள். அப்பா அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். வீட்டில் இரண்டு பேர், இரண்டு கட்டில். வருகிறவளுக்கு மகளின் கட்டில், மகளுக்கு அம்மாவின் பக்கத்தில் இடம். அம்மா அவளை அணைத்துக்கொண்டுதான் படுப்பார். ஆனாலும் அவளுக்கு மனசு ஆறாது. ஊருக்கெல்லாம் முழு அம்மா, எனக்கு மட்டும் பாதி அம்மா என்று முணுமுணுப்பாள்.

ஒருமுறை ஒரு புருஷன்காரன் செங்கல்லோடு வாசலில் வந்து நின்றான். அம்மா வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, அவன் நகரும் வரை பேசிக்கொண்டே நின்றார். மகள் உள்ளே மேஜைக்கு அடியில் கிடந்தாள். வளர்ந்து, கல்யாணமாகி, தானும் தாயான பிறகும் அந்தச் செங்கல் அவள் மனதை விட்டுப் போகவில்லை.

அம்மா ஒருநாள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். இரங்கல் கூட்டத்தில் மகள் மைக்கைப் பிடித்து, அம்மா காட்டிய வழியில் நடப்பேன் என்று கண்ணீரும் கம்பலையுமாகப் பேசினாள். எல்லோரும் மனம் உருகிப் போனார்கள். பிறகு கணவரும் பிள்ளையுமாக அந்த வீட்டுக்கே குடிவந்தாள். வந்ததும் முதல் வேலையாகப் பூட்டை மாற்றினாள். மாற்றிக் கொடுத்தவர், அம்மாவுக்கு நகல் சாவி போட்டுக் கொடுத்த அதே பூட்டுக்காரர். பழக்கதோஷத்தில், எத்தனை சாவி போடட்டும் என்று கேட்டார். நமக்கு மட்டும் போதும் என்றாள். பெண் பிள்ளை இருக்கிற வீடு, யார் யார் கையில் சாவி இருக்கிறதோ என்று அவளாகவே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். வீட்டில் அவள் மட்டும். வாசல் கதவில் சாவி உரசும் சத்தம் கேட்டது. நுழைந்த சாவி திரும்ப மறுத்தது. வெளியே எடுத்து, மறுபடியும் பொறுமையாக நுழைத்துப் பார்த்தார்கள். தட்டவில்லை, கூப்பிடவில்லை. அம்மாவிடம் சாவி வாங்கிய ஒருத்திதான் என்று அதிலிருந்தே மகளுக்குப் புரிந்துவிட்டது. இவள் பின்னாலேயே ஒருவன் செங்கல்லோடு வந்தால்? கதவு எட்டித் தொடும் தூரம்தான். அவள் எழுந்திருக்கவில்லை. போய்த் தொலைந்தால் தேவலை என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படி நினைத்ததை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

வெளியே ஒரு குழந்தை தும்மியது. அதைக் கேட்ட பிறகுதான் போய்க் கதவைத் திறந்தாள்.

ஒரு பெண், கையில் பிதுங்கும் துணிப்பை. பக்கத்தில் ஒரு சிறுமி, தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு. அம்மா இருக்காங்களா என்று அந்தப் பெண் கேட்டாள். அம்மா தவறிவிட்டார் என்றாள் மகள். அந்தப் பெண்ணின் பார்வை புதுப் பூட்டின் மேல் போயிற்று. எல்லாம் விளங்கிவிட்டது. கையிலிருந்த சாவியை நீட்டினாள்.

"பயந்துடாதீங்கம்மா, திருட வரல. அம்மா குடுத்த சாவி. இது என்கிட்ட இருந்தா உங்களுக்கு நிம்மதியா இருக்காது, வாங்கிக்குங்க."

மகள் வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகுதான் உள்ளே வாங்களேன் என்றாள். அதையும் பாதித் திறந்த கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் சொன்னாள்.

"இல்லம்மா, இருக்கட்டும். இந்தப் பக்கமா வந்தோம். சும்மா அம்மாவைப் பாத்துட்டுப் போகலாம்னுதான்."

சும்மா பார்க்க வருகிறவர்கள் தலையணையோடு வருவதில்லை. அது மகளுக்குத் தெரியாதா? தெரிந்தும் நம்பினாள். நம்புவதுதான் அவளுக்கு வசதியாக இருந்தது.

"சரி, போயிட்டு வாங்க" என்றாள். வாங்கிய சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டே அதைச் சொல்ல, அந்த நிமிஷம் அவளுக்கு நாக்குக் கூசவில்லை.

வர்றோம்மா என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வாசல் கேட்டைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள்.