விதைக்கடைக்காரரின் பட்டாணிக் கதை

வெண்டை விதை கேட்டு வந்தவரையே விதைக்கடைக்காரர் சுலபத்தில் விடமாட்டார். பட்டாணி விதை கேட்டவர் பாடு அதோகதிதான். கொடி ஏறக் குச்சி நடுவதில் ஆரம்பித்து, தமிழ்ப் பெயர், இங்கிலீஷ் பெயர் இரண்டும் வந்த கதைக்குத் தாவிவிடுவார்.

"இங்கிலீஷ்ல முன்னாடி 'பீஸ்'னா ஒருமைதாங்க. கடைசியில 'ஸ்' இருக்கே, பன்மை போலிருக்குன்னு ஜனங்க வாலை நறுக்கிட்டாங்க. மிச்சம் என்ன நின்னுச்சுன்னு என் வாயால சொல்லமாட்டேன்!"

அவரே முதலில் சிரிப்பார். கல்லாவில் இருக்கும் மனைவி, கல்யாணமான நாளிலிருந்து கேட்டுச் சலித்தவள், "ம்" என்பதோடு சரி.

ஒரு காலை கடைக் கதவைத் தூக்கும்போதே கை துவண்டு சரிந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது நடை ஓரளவு வந்திருந்தது, பேச்சு வரவில்லை.

"அவருக்கு எல்லாம் புரியுதும்மா. நீங்க பேசிக்கிட்டே இருங்க. பேச்சு வரும்போது ஒரு வார்த்தைக்குப் பதிலா வேற வார்த்தை வரலாம், பயப்படாதீங்க," என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்.

பேசிப் பழக்கமில்லாதவள் என்னத்தைப் பேசுவாள்? காய்கறி விலை, எதிர்வீட்டுச் சண்டை எல்லாம் தீர்ந்தது. ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்தபடி, வேறு வழியில்லாமல் அவர் சரக்கையே எடுத்தாள்.

"இதுக்குப் பேரு வந்த கதை சொல்வீங்களே... குதிரையில வருவாங்களே பட்டாணியருங்க, அவங்க கொண்டாந்ததால..."

அவர் முகம் சிவந்தது. கை தட்டைத் தட்டிவிட்டது.

"இ... இல்ல!"

அவள் உரித்த தோலைப் போட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ம... மராத்தி. வாட்டாணா."

"என்னங்க? இன்னொரு தடவை சொல்லுங்க!"

"வாட்டாணா!" கோபமாகவே சொன்னார். "அதான்... பட்டாணி."

பட்டாணி கட்டிலுக்கடியில் உருண்டோடியது. பொறுக்க ஆளில்லை. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையினூடே சிரிப்பும் வந்தது. பிறகு மகளுக்குப் போன் போட்டாள்.

"அப்பா பேசிட்டாருடி!"

"ஐயோ, என்னம்மா சொன்னாரு? உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நான் சொன்னது தப்புன்னாரு."

இத்தனை நாளும் தொண்டையில் இறங்காத சோற்றை அன்று அவள் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள். எதிரே இருந்தவர் தன் தட்டைக் காட்டி, "சீப்பு," என்றார்.

அவள் கரண்டியை எடுத்து நீட்டினாள்.