கேசரி டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்

இன்று பள்ளி ஆசிரியர் அறையில் கேசரி சாப்பிட்டேன்.

அது வந்த டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

(இங்கே பெரும்பாலும் பூனைப் படங்களுக்கு லைக் போடுகிறவள் நான். இவ்வளவு நீளமாக எழுதிப் பழக்கமில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மலேசியாவில், ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். படிவம் இரண்டில், பதினான்கு வயதில் ஒரு பெண். உண்மைப் பெயர் வேண்டாம், மலர் என்று வைத்துக்கொள்வோம். கோப்பெங் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவள்.

காதால் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வாள். மலாக்கா போர்ச்சுகீசியரிடம் எப்படி விழுந்தது என்று கேட்டால், கோட்டைச் சுவரில் உட்கார்ந்து பார்த்தவள் மாதிரி சொல்வாள்!

அதையே புத்தகத்தில் படிக்கச் சொன்னால், எழுத்துகள் அவளுக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கும். பரீட்சைத் தாளில் பெயர் மட்டும் இருக்கும்.

எங்கள் பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு ஒன்று உண்டு. கொஞ்சம் பிள்ளைகள், நிதானமான பாடம். நடத்துகிறவர் ஒரு மலாய் ஆசிரியை. சிக்கு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், மலாயில் டீச்சர் என்று அர்த்தம். அவர்தான் மலரைக் கொஞ்ச நாள் அங்கே உட்கார வைத்துப் பார்த்தார்.

(இந்த மாதிரித் திட்டங்கள் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. பேனர் வரும், படம் எடுப்பார்கள், அப்புறம் அந்த அறை பழைய நாற்காலிகளுக்குப் போய்விடும்!)

ஆனால் போன வாரம் மலர் என்னை நடைபாதையில் நிறுத்தினாள். சிக்கு கொடுத்த ரூலரை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் முழுக்கப் படித்துக் காட்டினாள். மெதுவாகத்தான். ஆனால் அவளாகவே.

"நின்னுக்கிட்டே கேட்டீங்களே டீச்சர், கால் வலிக்கலயா?" என்று சிரித்தாள்.

அந்த வகுப்பிலேயே தொடர வேண்டுமென்றால் மருத்துவமனையில் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அதற்காகத்தான் இன்று அவள் அம்மா வந்தார். கையுறைத் தொழிற்சாலை யூனிஃபார்மோடு, கையில் ஒரு பெரிய டப்பாவோடு.

"டீச்சருங்களுக்குக் கேசரி! மவள ஸ்பெஷல் கிளாஸுக்கு எடுத்திருக்கீங்கல்ல!"

எல்லோரும் எடுத்துக்கொண்டோம். நானும்தான்.

"எங்கண்ணன் மவளும் இப்படித்தான் ஸ்பெஷல் கிளாஸ் போச்சு. இப்ப யுனிவர்சிட்டில இருக்கு. மலருக்குப் படிப்பே வராதுன்னு சொன்னாங்க டீச்சர் எல்லாரும். இப்ப சொல்லட்டும்லா, பாப்போம்!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நம் ஊரில் ஸ்பெஷல் கிளாஸ் என்றால், பரீட்சைக்கு முன்னால் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து நடத்துகிற வகுப்பு.

சிக்கு மலாயில் விளக்கினார். "கெலாஸ் காஸ்" என்றார். காஸ் என்றாலும் சிறப்புதான்! அம்மா சந்தோஷமாகத் தலையை ஆட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டார்.

அம்மா பக்கத்தில் நின்றிருந்த மலர் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையசைத்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கையெழுத்து விழுந்திருக்கும். ஆனால் யாரோ ஒரு நர்ஸ் சொல்லித்தான் அவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

"ஒரு நிமிஷம்மா. இது அந்த ஸ்பெஷல் கிளாஸ் இல்ல. படிக்கச் சிரமப்படுற பிள்ளைங்களுக்கு உள்ளது. மலர் புத்திசாலிதான். எழுத்துதான் அவளுக்குப் பிடிபட மாட்டேங்குது."

பேனா நின்றது.

"அந்தக் கீழ் மாடி கிளாஸா?"

"ஆமாம்மா."

"கையக் கையத் தட்டிக்கிட்டு ஒரு புள்ள இருக்குமே, அந்தக் கிளாஸா?"

சிக்குவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் முகம் மாறிவிட்டது.

"என் மவ அப்படி இல்ல டீச்சர். பாருங்க, உங்க முன்னாடிதானே நிக்கிது. நல்லாத்தானே நிக்கிது."

சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். அவள் எனக்குப் படித்துக் காட்டியதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பார்வை மட்டும் டப்பா மேலேயே இருந்தது.

"எங்க ஃபிளாட் முழுக்கச் சொல்லிட்டேனே டீச்சர். வீடு வீடா கேசரி குடுத்துட்டேனே."

பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"பழைய கிளாஸ்லயே இருக்கட்டும். நான் டியூஷன் போட்டுக்கிறேன்."

"அவசரமில்லம்மா, யோசிச்சுட்டு வாங்க."

"யோசிக்க என்னா இருக்கு?"

மோட்டார் சைக்கிளை எடுக்க அவர் முன்னால் போய்விட்டார். மலர் மட்டும் நின்றாள்.

"ஏன் டீச்சர் சொன்னீங்க? எனக்கு மொதல்லயே தெரியும். நான்தான் அம்மாகிட்ட சொல்லாம இருந்தேன்."

"ஏம்மா?"

"கேசரி கிண்டுறப்ப பாட்டுப் பாடிக்கிட்டே கிண்டுச்சு டீச்சர். அம்மா பாடி நான் பாத்ததே இல்ல."

 

வெளியே ஹாரன் சத்தம். "மலரு! வா லா!"

"ரூலர மட்டும் நான் வச்சுக்கட்டுமா டீச்சர்?" என்று கேட்டாள். சிக்குவிடம் கேட்காமலேயே தலையாட்டினேன்.

டப்பாவை அவர் மறந்துவிட்டுப் போய்விட்டார். கழுவி, என் வீட்டுச் சமையலறையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அவர் வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். கதவைத் திறப்பாரா, தெரியாது. இன்னொரு தடவை பேசிப் பார்க்க வேண்டும்.

வெறும் டப்பாவாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. இனிப்பு வைத்தால் கேலி செய்வதாக நினைத்துவிடுவார்.

அதில் என்ன வைத்துக் கொண்டுபோவது?

உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.