இரண்டு பேர் அழுத்தும் பொத்தான்

நீல நிறத்தில், விரல் நுனி அளவுக்கு இருந்தது அந்தப் பொத்தான். செல்போனை மதினியின் முகத்துக்கு நேரே நீட்டி, ஒருமுறை தொட்டால் போதும் என்றேன். அண்ணன் மனைவியான அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

தாராவியில் எங்கள் சந்து இடிபடப்போகிறது என்ற பேச்சு வலுத்திருந்த நேரம் அது. இங்கேதான் குடியிருக்கிறோம் என்று காட்ட முடியாதவர்களுக்கு மாற்று வீடு கிடையாது. மின்கட்டண ரசீது, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் படமெடுத்துப் பத்திரப்படுத்த ஒரு செயலி எழுதி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்துவைத்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு சந்துக்கும் நானே போய் உட்கார்ந்து நிறுவித்தர வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையை ஒழிக்கத்தான் பொத்தான். அழுத்தினால், எங்கோ இருக்கும் வாடகைக் கம்ப்யூட்டரில் அந்தச் சந்துக்கென்று செயலியின் தனிப் பிரதி தானாக உருவாகிவிடும்.

"அது யாரு பேருல இருக்கும், கொழுந்தனாரே?" என்றாள். அழுத்துபவர் பேரில் என்றேன். "அப்ப அவரு ஒருநா பூட்டிட்டுப் போனா, எங்க கதி?"

மதினிக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பால் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள். நான் எழுதியதையுமா நம்பவில்லை என்று எனக்குச் சுருக்கென்றது. வேறு எப்படித்தான் வைப்பதாம் என்று எரிந்து விழுந்தேன். சபைச் சங்கத்துப் பணப்பெட்டி மாதிரி என்றாள். அந்தப் பெட்டிக்கு இரண்டு பூட்டு. சாவிகளை ஒருவரோடொருவர் பேசாத இரண்டு பேரிடம்தான் கொடுப்பார்கள். பேசிக்கொள்கிறவர்கள் என்றால் கூட்டுச் சேர்ந்துவிடுவார்களாம்.

முணுமுணுத்துக்கொண்டே மாற்றி எழுதினேன். பிரதியை உருவாக்கவும் திறக்கவும் இரண்டு பேர் தத்தம் போனில் சம்மதிக்க வேண்டும். எங்கள் சந்துக்கு ஒருத்தி மதினி, இன்னொருத்தி எதிர்வீட்டு அக்கா. வேளாங்கண்ணிக்குப் போன ரயிலில் கீழ்ப்படுக்கை யாருக்கு என்பதில் பேச்சை முறித்துக்கொண்டவர்கள். பக்கத்துச் சந்தில், பழைய பொத்தானே போதும் என்று, உதவ வந்த ஓர் ஆளை அழுத்தச் சொன்னார்கள். இப்போது அந்த ஆள் போனை எடுப்பதில்லை. மழையில் அசல் காகிதங்கள் ஊறிப்போன குடும்பங்கள் பைத்தியம் பிடித்தாற்போல் அவரைத் தேடிக்கொண்டிருக்கின்றன. அவர் யாருடைய ஆளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து மதினியின் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்த மழைக்காலத்திலேயே மதினி இறந்துபோனாள். சர்வே ஆட்கள் வரப்போகிறார்கள். அவள் இடத்தில் வேறொருவரைச் சேர்த்தால்தான் எங்கள் படங்கள் திறக்கும். நேற்று எதிர்வீட்டு அக்கா, தாராவியிலிருந்து நான் குடிபோயிருக்கும் செம்பூர் வீட்டுக்கே வந்துவிட்டாள். என் பேரைப் போட்டுக்கொள்ளலாமே என்றதற்கு முறைத்தாள்.

"நீ எங்கூட நல்லாத்தான பேசுத. பேசாத ஆளாப் பாரு."

சந்திலுள்ள பேர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒன்றையும் அவள் ஒப்பவில்லை. அப்புறம் போனை வாங்கி, அந்த நீலப் பொத்தானையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவள மாதிரி எங்கூடப் பேசாம இருக்கதுக்கு," என்றாள், "இனி யாரு இருக்கா?"