பின்னாலிருந்து சொன்ன கதை

நேற்று விறகுத் தொட்டியில் மழையில் நனைந்த சவுக்குக் கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விட்டேன். சிரிக்காதீர்கள். ஐம்பதைத் தொடப்போகிற ஆள், விறகைக் கண்டு பயப்படுகிறேன்.

மகாபலிபுரம் பக்கத்துச் சவுக்கு அந்த நாளில் கால்வாய்த் தோணியில்தான் பட்டணம் போகும். என் கூட்டாளி முனுசாமி கழி ஊன்றித் தோணியைத் தள்ளுவான்; நான் கரையில் நடந்து கயிறு இழுப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கூச்சக்காரனுக்கு ஏற்ற வேலை, யாரோடும் பேச வேண்டாம். சுங்கச் சாவடியில் மட்டும் பேசியாக வேண்டும். கடைசியாக நின்ற ஊரை முதலில் சொல்லி, புறப்பட்ட ஊர்வரை பின்னோக்கிப் போவது அங்கே வழக்கம். என் நாக்குக்கு அந்த ஒரு வழிதான் பழக்கம்.

ஒரு நாள் முட்டுக்காட்டு முகத்துவாரத்தில், தண்ணீர் கடலுக்கு வடிகிற நேரம், கழி முறிந்து முனுசாமி விழுந்தான். கயிற்றை வீசினேன். அவன் கைக்கு எட்டவில்லை. மத்தியானம் மீன்காரர்கள் உடம்பைக் கொண்டுவந்து போட்டார்கள்.

கிராம முனிசீப் விசாரித்தார். நான் சொன்னேன்: விழுந்தான், அதற்கு முன் கழி முறிந்தது, அதற்கு முன் கேளம்பாக்கத்தில் அவன் வீட்டில் கூழ் குடித்தோம், அதற்கு முன் சண்டை போட்டோம். அதோடு நிறுத்திவிட்டேன்.

“அப்போ சண்டைதான் காரணம்னு ஒத்துக்கினே” என்றார்.

தலையாரி மெதுவாக நகர்ந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். எனக்குத் தூக்குமேடை கண்ணுக்குத் தெரிந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்ததை முனுசாமி நாலு பேர் எதிரில் நடித்துக் காட்டினான், நான் சட்டையைப் பிடித்தேன், அவ்வளவுதான் சண்டை. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

உடம்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முனுசாமியின் மனைவி அஞ்சலை தலையைத் தூக்கினாள்.

“காலீல சண்ட போட்டுக்கினாங்க ஐயா. நான்தான் வெலக்கினேன். பொறவு ஒரே சட்டில கூழு குடிச்சாங்க. கோச்சிக்காத மச்சான்னு எங்கூட்டுக்காரரு இவரு வாய்ல மொளகா வச்சாரு. சிரிச்சிக்கினே கெளம்புனாங்க. அதுக்கப்புறந்தான் கழி முறிஞ்சிது.”

அவள் விலக்கியதையும் மிளகாயையும் சிரிப்பையும் தவிர எல்லாம் நான் சொன்னதுதான்; வரிசைதான் வேறு. முனிசீப் அவள் சொன்ன வரிசையிலேயே எழுதினார். தலையாரி வாசலை விட்டு விலகினான்.

காரியம் முடிந்து அவள் சதுரங்கப்பட்டினத்துத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். போய்ப் பார்க்கப் பல தடவை கிளம்பி, பாதி வழியில் திரும்பியிருக்கிறேன். உன் புருஷனை என்னால் பிடிக்க முடியவில்லை என்பதா, என் உயிரைக் காப்பாற்றினாய் என்பதா, எதை முதலில் சொல்வது? அது எனக்கு விளங்காமலே வருஷங்கள் போயின; கால்வாயில் தோணி ஓடுவது நின்றது, சாவடி இடிந்தது. போன தை மாதம் அஞ்சலையும் போய்விட்டாளாம்.